'நைஸ்' எழுதினால் என்ன?

ஆங்கிலக் கட்டுரை நோட்டில் 'நைஸ்' என்று எழுதினால் சிவப்பு மை விழும். ஓரத்தில் 'வேறு சொல் போடு' என்று ஒரு குறிப்பும் வரும். ஸ்போக்கன் இங்கிலீஷ் புத்தகங்களில் இதற்கென்றே ஒரு பக்கம் இருக்கும். வாட்ஸ்அப்பில் சுற்றும் பட்டியல்கள் இன்னும் கறார்: நைஸை விட்டொழியுங்கள், ப்ளெசன்ட் என்று சொல்லுங்கள், டிலைட்ஃபுல் என்று சொல்லுங்கள், சார்மிங், எக்ஸ்க்விசிட் என்று சொல்லுங்கள். இந்தத் தடை நம்மூர்ச் சரக்கும் இல்லை. இங்கிலாந்தின் பள்ளிகளில் நெடுங்காலமாக இருந்துவருவதுதான்.

தடைக்குச் சொல்லும் காரணம், அந்தச் சொல்லுக்கு ஏகப்பட்ட பொருள் என்பது. வானிலையும் நைஸ், வாத்தியாரும் நைஸ், வடையும் நைஸ். எல்லாவற்றுக்கும் பொருந்துகிற சொல் எதையும் சொல்வதில்லை, ஆகவே அது சோம்பேறிகளின் சொல். கொஞ்சம் கூடுதலாகப் படித்தவர்கள் ஒரு படி மேலே போய், 'அதன் உண்மையான பொருளே வேறு, ஜனங்கள் பேசிப் பேசிக் கெடுத்துவிட்டார்கள்' என்பார்கள். இரண்டு வாதமும் சொத்தை. இவற்றுக்கு மருந்து என்று நீட்டப்படும் ஒத்த சொற்பட்டியல் நோயைவிட மோசம்.

'உண்மையான பொருள்' கதையை முதலில் முடித்துவிடலாம். லத்தீனில் 'நெஸ்கியுஸ்' என்றால் அறியாதவன். 'நெ' என்பது இன்மை, 'ஸ்கிரெ' என்பது அறிதல். சயின்ஸ் என்ற சொல்லும் இதே ஸ்கிரெயில் பிறந்ததுதான் என்பதால் நைஸும் சயின்ஸும் பங்காளிகள், ஆனால் பகையாளிகள். பழைய பிரெஞ்சு வழியாக, 1300ஐ ஒட்டி, அது ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது நைஸ் என்றால் முட்டாள். கவிஞர் சாசர் அந்தப் பொருளில்தான் எழுதினார். பிறகு ஒழுக்கம் கெட்ட, பகட்டான என்றெல்லாம் ஆயிற்று. அப்புறம் நேர் எதிர்த் திசையில் போய், கூச்சப்படுகிற, எட்டி நிற்கிற என்று ஆயிற்று. கூச்சம் முற்றி, எதிலும் லேசில் திருப்தி அடையாத, நொட்டை சொல்கிற என்ற பொருள் வந்தது. நுணுக்கம் பார்க்கிற ஆளைக் குறித்த சொல், மெல்ல, நுணுக்கமான, துல்லியமான பண்டத்தையும் குறிக்கத் தொடங்கியது. சாமுவேல் ஜான்சனின் 1755 அகராதியில் நைஸுக்கு முதலில் நிற்பது இந்தத் துல்லியம்தான். இதற்கு நடுவில் ஷேக்ஸ்பியர் 'ரோமியோ ஜூலியட்'டில் 'அற்பமான' என்ற பொருளிலும் அதைக் கையாண்டிருக்கிறார். லாரன்ஸ் பாதிரியார் தன் கடிதம் ரோமியோவுக்குப் போய்ச் சேரவில்லை என்று தெரிந்து பதறும்போது, அது ஒன்றும் நைஸான கடிதம் இல்லையே என்கிறார். இன்றைய பொருளில் படித்தால் சோக நாடகம் அந்த இடத்தில் கவிழ்ந்துவிடும். இனிமையான என்ற பொருள் 18ஆம் நூற்றாண்டில்தான் வருகிறது, அன்பான என்ற பொருள் 19இல். ஆக்ஸ்ஃபோர்டு அகராதியைத் தொகுத்தவர்களே, 16, 17ஆம் நூற்றாண்டு எடுத்துக்காட்டுகள் பலவற்றில் எழுதியவர் எந்தப் பொருளை நினைத்தார் என்று தீர்த்துச் சொல்வது கடினம் என்று குறித்து வைத்திருக்கிறார்கள்.

இதில் எது உண்மையான பொருள்? பழையதுதான் உண்மை என்றால், உங்களை நைஸ் மனிதர் என்று சொன்னவர் மேல் நீங்கள் மானநஷ்ட வழக்குப் போடலாம். நடுவில் வந்த 'துல்லியம்'தான் உண்மை என்றால், ஏழு நூற்றாண்டு ஓட்டத்தை அந்த ஓர் இடத்தில் நிறுத்த யார் கொடி காட்டியது?

நடுவில் நிறுத்தப் பார்த்தவர்களில் பெயர்பெற்றவர் ஒரு நாவல் பாத்திரம். ஜேன் ஆஸ்டினின் 'நார்த்தேங்கர் அபி' அவர் இறந்த பிறகு, 1817 கடைசியில் வெளிவந்தது; எழுதியதோ அதற்குப் பல ஆண்டுகள் முன்னால். அதில் பாத் நகரை ஒட்டிய பீச்சன் குன்றுக்கு மூன்று பேர் நடந்து போகிறார்கள். 17 வயது கேத்தரின் மார்லண்ட், ஆன் ராட்கிளிஃபின் திகில் நாவலான 'உடோல்ஃபோ'வை நைஸ் புத்தகம் என்று சொல்லிவிடுகிறாள். ஹென்றி டில்னி பிடித்துக்கொள்கிறார். நைஸ் என்றால் நேர்த்தி என்றல்லவா பொருள், அப்படியானால் நீ பைண்டிங்கைத்தான் சொல்கிறாய் போல என்று கிண்டல். இன்றைய நாள் நைஸ், இந்த நடை நைஸ், நீங்கள் இருவரும் நைஸ் பெண்கள் என்று அடுக்குகிறார். ஒரு காலத்தில் நேர்த்தியையும் நாசூக்கையும் மட்டும் சொன்ன சொல் இப்போது எல்லாப் பாராட்டையும் விழுங்கிவிட்டது என்று முடிக்கிறார்.

நைஸைத் திட்டுகிறவர்கள் இந்தக் காட்சியை ஆஸ்டினின் தீர்ப்பாகவே எடுத்துக் காட்டுவார்கள். அவர்கள் அடுத்த பத்தியைப் படிப்பதில்லை. அங்கே டில்னியின் தங்கை எலினார் அண்ணனை ஒரே போடாகப் போடுகிறாள். அந்தச் சொல் உனக்குத்தான் பொருந்தும், அதுவும் பாராட்டாக இல்லை, நீ நைஸான ஆள், விவேகமான ஆள் இல்லை என்கிறாள். நொட்டை பார்க்கிறவன் என்ற பழைய பொருளை எடுத்து அவன் மண்டையிலேயே அடிக்கிறாள். இவனை இங்கேயே விட்டுவிட்டு நமக்குப் பிடித்த சொற்களால் உடோல்ஃபோவைப் புகழலாம் வா என்று கேத்தரினை அழைக்கிறாள். ஒரு சொல்லின் இரண்டு பொருளையும் கையில் வைத்திருப்பவள்தான் அந்தப் பேச்சில் ஜெயிக்கிறாள். தோற்பவர், ஒரே பொருளைப் பிடித்துத் தொங்கியவர். தவிர, டில்னியின் வரலாறும் தப்பு. முதலில் இருந்தது நேர்த்தி இல்லை, முட்டாள்தனம்.

நூறு ஆண்டு கழித்து, 1926இல், ஆங்கில நடைக்கு நாட்டாமையாக இருந்த ஹெச். டபிள்யூ. ஃபவ்லர் தன் 'மாடர்ன் இங்கிலீஷ் யூசேஜ்' அகராதியில் அதே புகாரைத் திரும்ப எழுதினார். பெண்கள்தான் இந்தச் சொல்லைக் கொஞ்சிக் கொஞ்சி அதன் தனித்தன்மையை உறிஞ்சிவிட்டார்கள் என்பது அவர் கட்சி. கவனியுங்கள், டில்னி பாடம் எடுத்தது ஒரு கிராமத்துப் பாதிரியாரின் மகளுக்கு. ஃபவ்லர் கை நீட்டுவது பெண்கள் பக்கம். இன்றைக்குச் சிவப்பு மை விழுவது, வீட்டில் ஆங்கிலம் பேசாத பிள்ளையின் நோட்டில். நைஸை ஓர் ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் சொன்னால் அது எளிமை, நம் பிள்ளை சொன்னால் வறுமை. இந்தத் தடை சொல்லைப் பற்றியது என்பதைவிட சொல்கிறவரைப் பற்றியது என்று நான் சந்தேகப்படுவதற்கு இதுதான் காரணம்.

இனி பல பொருள் என்ற குற்றச்சாட்டு. தேய்ந்த சொல்லுக்குத்தான் பல பொருள் இருக்கும் என்று நினைப்பது தலைகீழ். அடிக்கடி புழங்கும் சொல்லுக்குத்தான் பொருள் பெருகும். ஜார்ஜ் கிங்ஸ்லி ஜிஃப் என்ற அமெரிக்கர் 1945இல் இதைக் கணக்காகவே காட்டினார்: ஒரு சொல்லின் புழக்கம் கூடக் கூட, ஏறக்குறைய அதன் வர்க்கமூல விகிதத்தில் பொருள்களின் எண்ணிக்கையும் கூடுகிறது. நூறு மடங்கு அதிகம் புழங்கும் சொல்லுக்குச் சுமார் பத்து மடங்கு பொருள். ஆங்கிலத்துக்கு மட்டும் பிடித்த நோய் இல்லை இது.

தமிழ் படித்தவருக்கு இது புதுசாக இருக்கவும் கூடாது. ஒரு சொல் பல பொருளுக்கு உரியதாவதும், பல சொல் ஒரு பொருளுக்கு உரியதாவதும் உரிச்சொல்லின் இலக்கணம் என்றே தொல்காப்பியர் உரியியலைத் தொடங்குகிறார். 'கடி' என்ற ஒரே உரிச்சொல்லுக்குக் காப்பு, கூர்மை, புதுமை, விரைவு, மிகுதி, அச்சம் என்றெல்லாம் பத்துப் பொருள் அடுக்கிவிட்டு, அடுத்த நூற்பாவில் ஐயத்தையும் கரிப்பையும் சேர்க்கிறார். கடிநகர் என்றால் காவல் உள்ள ஊர், கடிமலர் என்றால் புதுமலர். எந்த உரையாசிரியரும் 'கடி' சோம்பேறிச் சொல் என்று எழுதவில்லை. பக்கத்தில் நிற்கும் சொல்லைப் பார்த்துப் பொருளை எடுத்துக்கொண்டார்கள்.

பண்டிதத்தை விடுங்கள், 'நல்ல' என்பதைப் பாருங்கள். நல்ல பாம்பு, நல்லெண்ணெய், நல்ல தண்ணீர், நல்ல அடி, நல்ல தூக்கம், நல்ல நாள். கடித்தால் ஆளைக் கொல்லும் பாம்புக்கும் உப்புக் கரிக்காத தண்ணீருக்கும் ஒரே அடைமொழி. 'நல்லா இருக்கே கதை!' என்று யாராவது உங்களிடம் சொன்னால் அது பாராட்டு இல்லை என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். யாரும் குழம்புவதில்லை. 'நல்ல' என்று எழுதாதே, 'சிறந்த', 'உன்னத', 'ஒப்பற்ற' என்று போடு என்று ஒருவர் கிளம்பினால் வீட்டுக் குழாயில் உன்னதத் தண்ணீர் வரும், கோயில் புற்றில் சிறந்த பாம்பு இருக்கும்.

நைஸும் ஆங்கிலத்தில் அப்படித்தான் வேலை செய்கிறது. டீ 'நைஸ் அண்டு ஹாட்' ஆக இருக்கிறது என்று ஆங்கிலேயர் சொன்னால், சூடு தனியாகவும் நன்மை தனியாகவும் இல்லை. வேண்டிய பதத்தில் சூடு. இங்கே ப்ளெசன்டைத் தூக்கி வையுங்கள், வாக்கியம் நொண்டும். எக்ஸ்க்விசிட்டை வையுங்கள், விழுந்தே விடும். 'நைஸ் ட்ரை' என்றால் முயற்சி தோற்றது என்று பொருள், ஆறுதலோடு. 'தட்ஸ் நைஸ்' என்பதை இழுத்துச் சொன்னால் 'போதும், வேறு பேச்சு பேசு'. வழக்கறிஞர் ஒரு நைஸான சட்டச் சிக்கல் என்றால், அது நுட்பமானது, மயிரிழையில் பிரிவது. அந்தப் பழைய பொருள் நீதிமன்றத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறது. பழைய நகைச்சுவைப் படங்களில் லாரலும் ஹார்டியும் வம்பில் மாட்டிக்கொள்ளும்போதெல்லாம் குண்டு ஹார்டி ஒல்லி லாரலைப் பார்த்து 'நைஸ் மெஸ்' என்று அலுத்துக்கொள்வாரே, அங்கே நைஸ் என்றால் படுநாசம். இவற்றில் எந்த இடத்திலும் சொல்பவர் சோம்பேறியில்லை. கேட்பவரும் விழிப்பதில்லை.

நாம் இந்தச் சொல்லை என்ன செய்தோம் என்பது இன்னும் ருசியான விஷயம். சமையல் குறிப்பு எதை எடுத்தாலும் 'தேங்காயை நைஸாக அரைக்கவும்' என்று இருக்கும். 'நைஸாக நழுவிவிட்டான்', 'நைஸாகப் பேசிக் காரியத்தைச் சாதித்துக்கொண்டாள்' என்கிறோம். இந்தப் பொருள்கள் இன்றைய ஆங்கிலத்தில் இல்லை. லண்டன்காரரிடம் மாவை நைஸாக அரைத்தேன் என்றால் அன்போடு அரைத்ததாக எடுத்துக்கொள்வார். நுண்மை என்ற அந்தப் பழைய பொருளுக்குப் பக்கத்தில் நாம் போய் நிற்கிறோம். அதற்கு நம்மிடம் ஏற்கெனவே இருந்த 'நைய அரை'யும், பேச்சு விஷயத்தில் 'நயமாக'வும் கை கொடுத்திருக்கும் என்பது என் ஊகம். (இதைப் படித்துவிட்டு நைஸே தமிழிலிருந்து போனதுதான் என்று யாரும் கிளம்ப வேண்டாம், லத்தீன் வழி தெளிவாக இருக்கிறது.) ஒரு கடன் சொல் வந்த இடத்திலேயே இரண்டு புதுப் பொருளை ஈன்றிருக்கிறது என்றால் அதை வெற்றுச் சொல் என்பது எந்த ஊர் நியாயம்?

ஒத்த சொற்பட்டியல் ஏன் ஆபத்து என்பதும் இங்கிருந்தே விளங்கும். ஒத்த சொல் என்பது ஒரு சொல்லுக்குக் கிடையாது, சொல்லின் ஏதாவது ஒரு பொருளுக்குத்தான் உண்டு. பட்டியல் போடுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். தெசாரஸ் எனப்படும் ஒத்த சொல் நூலில் நைஸுக்கு நேரே ஏமியபிள், கைண்ட் இருக்கும். அதே வரிசையில் ஃபாஸ்டிடியஸ், டெயின்டி, சட்டில், ப்ரிசைஸ் எல்லாம் இருக்கும். முன்னவை 19ஆம் நூற்றாண்டு நைஸின் உறவினர், பின்னவை அதற்கு முந்தைய நைஸின் உறவினர். 'எங்கள் தலைமையாசிரியர் நைஸ் மனிதர்' என்று எழுதிய பிள்ளை, சிவப்பு மைக்குப் பயந்து ஃபாஸ்டிடியஸ் என்று மாற்றினால், அன்பான மனிதர் எதிலும் குற்றம் பார்க்கிற மனிதர் ஆகிவிடுகிறார். தலைமையாசிரியர் ஒருவேளை அப்படியே இருக்கலாம். பிள்ளை சொல்ல வந்தது அது இல்லை.

ஒரே பொருளுக்குள்ளும் சிக்கல் தீராது. அலுவலக கேன்டீனில் சாம்பார் சாதம் சாப்பிட்டுவிட்டு 'நைஸ் லஞ்ச்' என்றால் நட்பு. 'எக்ஸ்க்விசிட் லஞ்ச்' என்றால் சமையல்காரர் உங்களை முறைப்பார், கிண்டல் என்று நினைத்து. அகராதியில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. யார், எங்கே, எந்தத் தொனியில் சொல்கிறார் என்பதை அகராதி வரிசை சொல்லாது.

இதற்குப் பீட்டர் மார்க் ரோஜேவைப் பழி சொல்ல முடியாது. மருத்துவர், ராயல் சொசைட்டியின் செயலாளராக இருந்தவர். தன் தெசாரஸை 1852இல், 73ஆம் வயதில் வெளியிட்டார். அதன் முதல் வரைவை 1805இலேயே தனக்காகப் போட்டு வைத்திருந்தார். அகரவரிசையில் இந்தச் சொல்லுக்கு அந்தச் சொல் என்று அவர் அடுக்கவில்லை. உலகத்துக் கருத்துகளை ஆறு வகுப்பாகவும் ஆயிரம் தலைப்பாகவும் பிரித்து, ஒவ்வொரு தலைப்பின் கீழும் அதைச் சூழ்ந்த சொற்களைக் கொட்டினார். எதிர்க் கருத்தைப் பக்கத்திலேயே வைத்தார். நம் நிகண்டுகள் தெய்வப் பெயர்த் தொகுதி, மக்கட் பெயர்த் தொகுதி என்று பிரித்த மாதிரி. விளக்கம் எதுவும் கொடுக்கவில்லை. ஏனென்றால் அந்தச் சொற்களை ஏற்கெனவே அறிந்த, எழுதும் நேரத்தில் நாக்கு நுனியில் நிற்கும் ஒன்றைத் தேடுகிற ஆளுக்காகச் செய்த நூல் அது. நினைவூட்டும் கருவி. நாமோ அதைச் சொல்லே தெரியாத பிள்ளையின் கையில் கொடுத்து, இதில் ஒன்றை எடுத்து அங்கே ஒட்டு என்கிறோம்.

ஃபவ்லரிடமே இன்னொரு சாட்சியும் இருக்கிறது. அவரும் அவர் தம்பியும் 1906இல் எழுதிய 'தி கிங்ஸ் இங்கிலீஷ்' நூலில், ஒரே சொல் திரும்ப வரக் கூடாதே என்று மாற்றுச் சொல் தேடி அலையும் பழக்கத்துக்கு 'எலிகன்ட் வேரியேஷன்' என்று பேர் வைத்துக் கேலி செய்தார்கள். இரண்டாம் தர எழுத்தாளர்களின் வியாதி என்பது ஃபவ்லரின் எண்ணம். ஆக, நைஸை வெறுத்தவரே அதைவிட அதிகமாக வெறுத்தது இந்த வைத்தியத்தை. தடைக்காரர்கள் அவருடைய முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

எதிர்க்கட்சியில் ஒரு நியாயம் இல்லாமல் இல்லை. மகாபலிபுரம் சுற்றுலாவைப் பற்றி ஒரு பிள்ளை எழுதுகிறது: பஸ் நைஸ், கடல் நைஸ், சாப்பாடு நைஸ், சார் நைஸ். படிக்க அலுக்கத்தான் செய்கிறது. ஆனால் அலுப்பு எங்கே இருக்கிறது? நான்கு நைஸுக்கும் பதிலாக கம்ஃபர்டபிள், மெஜஸ்டிக், டெலிஷியஸ், ஏமியபிள் என்று போட்டுப் பாருங்கள். வாசிப்பவருக்குக் கடலைப் பற்றியோ சாரைப் பற்றியோ ஒரு தகவலும் கூடவில்லை. நைஸ் 'எனக்குப் பிடித்தது' என்று மட்டும் சொன்னது. புதுச் சொற்களும் பெரும்பாலும் அதையேதான் சொல்கின்றன, கோட்டு மாட்டிக்கொண்டு. முதல் கட்டுரையிலாவது பிள்ளையின் குரல் இருந்தது. இரண்டாவது கட்டுரையை யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம். இந்த ஊரில் பல ஆயிரம் பேர் அதே கட்டுரையை எழுதிக்கொண்டும் இருக்கிறார்கள்.

'தேர்வில் மதிப்பெண் போகுமே' என்பார்கள். கனமான சொல்லுக்கு மதிப்பெண் தரும் திருத்தாளர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். அது திருத்தும் முறையின் கோளாறு. அதற்கு ஒத்துப்போவதைச் சொல்வளம் என்று பேர் சூட்ட வேண்டாம். டிலைட்ஃபுல்லைத் தெரிந்துகொள்ளவே கூடாது என்றும் நான் சொல்லவில்லை. நாலு கதையில், நாலு பேர் வாயில், எங்கே அது தானாக வருகிறது என்று பார்த்த பிறகு அது பிள்ளைக்குச் சொந்தமாகும். பட்டியலிலிருந்து பிடுங்கினால் ஆகாது.

ஓரத்தில் 'வேறு சொல்' என்று எழுதுகிற அதே பேனா, 'ஏன் நைஸ்?' என்று எழுதலாம். சார் என்ன செய்தார்? கடற்கரைக் கோயில் பக்கம் அலைக்குப் பயந்து நின்றவளின் செருப்பை அவர் கையில் வாங்கிக்கொண்டார் என்று பிள்ளை எழுதும். சாப்பாடு? புளியோதரை, அம்மா வறுத்த அப்பளம் நமுத்துப்போயிருந்தது, ஆனாலும் பஸ்ஸில் எல்லாரும் பிடுங்கித் தின்றார்கள். இதை எழுத அந்தப் பிள்ளைக்குத் தெரிந்த ஆங்கிலமே போதும். இப்படி நாலு வரி எழுதிவிட்டுக் கடைசியில் 'இட் வாஸ் நைஸ்' என்று முடித்தால் அதைச் சுழிக்க எந்த ஆசிரியருக்கும் கை வராது.